கணினி மாறும்போது கடிதங்கள் என்னாகும்?

தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், நடுவே கார்பன் தாள் வைத்து இரண்டு படிகளாவது எடுப்பது வழக்கம். மேல் தாள் தபாலில் போகும். கீழ்த் தாள் துளையிடப்பட்டுக் கோப்பில் ஏறும். கோயில் நிர்வாகங்களும் அறக்கட்டளைகளும் அந்த ஒழுங்கைப் பின்பற்றின. செயலாளர் மாறும்போது இரும்பு அலமாரிச் சாவி, கூட்டக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகங்கள், முத்திரை, கடிதக் கோப்புகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஒப்படைப்பார்கள்.

இன்று நம் கடிதங்களில் பெரும்பகுதி மின்னஞ்சலாகப் போய் மின்னஞ்சலாகவே வருகிறது. ஆனால் ஒப்படைப்புப் பட்டியலில் அவற்றுக்கு ஒரு வரி இருப்பதில்லை. முந்தைய செயலாளரின் வீட்டுக் கணினியில் ஐந்தாண்டுக் கடிதங்கள் கிடக்கும். புதியவரின் கணினியில் அவர் பதவியேற்ற நாளிலிருந்துதான் தொடங்கும். இடையில் கணினி பழுதானாலோ, அதைப் பேரப்பிள்ளை விளையாடுவதற்குக் கொடுத்துவிட்டாலோ, கதை முடிந்தது.

இது சிறு விஷயமன்று. ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த தெப்ராவ் வட்டாரம் இன்று வீடமைப்புப் பகுதிகளும் கடைத்தொகுதிகளுமாகிவிட்டது. தோட்டம் கைமாறிய இடங்களில், கோயில் நிலத்தைப் பற்றி நிர்வாகம் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன எழுதியது என்பதே பிற்பாடு பேச்சுவார்த்தையின் அச்சாணியாகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்துகிறோம். சென்ற முறை ஸ்தபதிக்கு எழுதிய கடிதம், அவர் அனுப்பிய அளவுகள், சிற்பிகளின் பயண அனுமதிக்காக நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் மறுமுறை திருப்பணி தொடங்கும்போது தேவைப்படும். பன்னிரண்டு ஆண்டு என்பது கணினி உலகில் மூன்று தலைமுறை. உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்த மாணவர்களின் சான்றிதழ்கள், உபயதாரர்களின் நன்கொடைக் கடிதங்கள் என்று பட்டியல் நீளும்.

ஆகவே மின்னஞ்சல் எங்கே குடியிருக்கிறது, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது, இரண்டு மூன்று கருவிகளில் ஒரே பெட்டியைப் பார்ப்பவர்கள் அதை எப்படி ஒன்றுபோல வைத்துக்கொள்வது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். கணினி வல்லுநர்களுக்காக இதை எழுதவில்லை. பொறுப்பேற்றிருக்கும் அன்பர்களுக்காகவே எழுதுகிறோம்.

தபால் நிலையமும் வீட்டுப் பெட்டியும்

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே முதல் செய்தியை அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்க ‘அட்’ குறியை இட்டவரும் அவரே. அந்த இரு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன என்பது வேடிக்கை! அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. கடிதம் நேராக நம் கணினிக்கு வருவதில்லை. நமக்கு முகவரி தந்த நிறுவனத்தின் சர்வர், அதாவது வழங்கிக் கணினி, அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து நாம் எப்படி எடுத்துப் படிக்கிறோம் என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

முதல் வழிக்குப் ‘பாப்’ என்று பெயர். தபால் நிலைய நெறிமுறை என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1984-இல் வகுக்கப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 1988-இல் வந்து, 1996-இல் செம்மைப்படுத்தப்பட்டு இன்றும் வழங்குகிறது. தபால் நிலையத்துக்குப் போய் நமக்கு வந்திருக்கும் கடிதங்களை எல்லாம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது போன்றது இது. கொண்டுவந்தபின் அங்கே ஒன்றும் மிச்சமிராது. 1990களில் நம் நாட்டில் ஜாரிங் இணைப்பும் பிறகு டிஎம்நெட் இணைப்பும் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொலைபேசிக் கம்பியில் மோடத்தைக் கூவவிட்டு, நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, அவசரமாகக் கடிதங்களை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவோம். ஆற அமரப் படிப்பது பிறகுதான். ஒரு வீட்டில் ஒரே கணினி இருந்த காலத்துக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு அது.

இரண்டாவது வழி ‘ஐமேப்’. இதை 1986-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வகுத்தவர் மார்க் கிறிஸ்பின். இதில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும். நம் கணினியும் கைப்பேசியும் காட்டுவது அந்தப் பெட்டியின் பிரதிபிம்பத்தை மட்டுமே. படித்தது, படிக்காதது, பதில் எழுதியது, கோப்புறை மாற்றியது, அழித்தது எல்லாம் உடனே வழங்கிக்குத் தெரிவிக்கப்பட்டு, அங்கிருந்து மற்றக் கருவிகளுக்கும் போய்ச் சேரும்.

நம் பக்கத்து நிலவரத்தையே எடுத்துக்கொள்வோம். பொருளாளர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்; விடியற்காலையில் பாலம் கடந்து போய் இரவில் திரும்புகிறார். கடிதங்களைப் பேருந்தில் கைப்பேசியில் பார்க்கிறார், ஓய்வு நாளில் வீட்டுக் கணினியில் பதில் எழுதுகிறார். செயலாளர் அறக்கட்டளை அலுவலகக் கணினியில் அதே பெட்டியைத் திறக்கிறார். அலுவலகக் கணினி மட்டும் பாப் முறையில் அமைந்திருந்தால் என்ன நடக்கும்? காலையில் அதைத் திறந்தவுடன் அன்றைய கடிதங்கள் அத்தனையும் அதற்குள் இறங்கிவிடும். பொருளாளரின் கைப்பேசியில் பெட்டி காலி. “எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே” என்று அவர் சொல்வார். “நேற்றே வந்துவிட்டதே” என்று இவர் சொல்வார். நிர்வாகக் குழுக்களில் எழுகிற மனத்தாங்கல்களில் சில இப்படிப்பட்ட ஓர் அமைப்புக் கட்டத்தில் பிறப்பவை. ‘வழங்கியில் ஒரு படியை விட்டுவை’ என்று பாப் முறையிலும் குறியிடலாம். கடிதம் இருவருக்கும் கிடைக்கும். ஆனால் யார் படித்தார், யார் பதில் எழுதினார் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. தவிர, பாப் உள்ளே வந்த கடிதங்களை மட்டுமே தரும். நாம் அனுப்பிய கடிதங்கள் எழுதிய கணினியிலேயே தங்கிவிடும். பழைய கணினியை வீசுபவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்த அனுப்பிய கடிதங்களைத்தான். கிராணியார் கார்பன் தாள் வைத்துக் காத்ததே அந்தப் பாதியைத்தானே!

ரசீது எண் போல ஓர் எண்

பல கருவிகள் ஒரே பெட்டியைப் பார்த்தும் குழப்பம் இல்லாமல் இருப்பது எப்படி? நம் ரசீதுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஐமேப் வழங்கி ஒவ்வொரு கோப்புறையிலும் சேரும் கடிதத்துக்கு ஏறுவரிசையில் ஓர் எண் கொடுக்கிறது. ஒரு கடிதம் அழிக்கப்பட்டால் அந்த எண் வேறொன்றுக்குத் தரப்படுவதில்லை. ரத்தான ரசீதின் எண்ணை நாம் மறுபடி பயன்படுத்துவதில்லை அல்லவா, அதுபோல. “என்னிடம் 412 வரை இருக்கிறது, அதற்குமேல் என்ன?” என்று கைப்பேசி கேட்கும், வழங்கி 413 முதல் கொடுக்கும். புத்தகத்துக்கே ஓர் எண் உண்டு. கோப்புறையை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அந்தப் புத்தக எண் மாறும். உடனே கைப்பேசி தன்னிடமுள்ள பழைய பிரதியை நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும். ஏதோ ஒரு நாள் காரணமில்லாமல் ஆயிரக்கணக்கான கடிதங்கள் மறுபடி இறங்குவதைக் கண்டு திகைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இதுவே காரணம்.

எண்ணோடு கொடிகளும் உண்டு: படிக்கப்பட்டது, பதில் தரப்பட்டது, முக்கியமானது, வரைவு, அழிக்கப்பட வேண்டியது. இணைப்பு இல்லாதபோது நாம் செய்யும் மாற்றங்களைக் கருவி குறித்துவைத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் தெரிவிக்கும். ஆகையால் பாலத்தில் ஒரு நாட்டு அலைவரிசை விட்டு மறுநாட்டு அலைவரிசை பிடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் கோப்புறைகளை மாற்றியடுக்கும் வேலையைச் செய்யாதிருப்பது நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒத்திசைவு வேறு, பாதுகாப்புப் பிரதி வேறு. மூன்று கருவிகளில் கடிதம் தெரிகிறதே, மூன்று படிகள் இருக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். இருப்பது ஒன்றுதான். ஒரு கருவியில் தவறி அழித்தால், அழிப்பும் ஒத்திசைந்து எல்லாக் கருவிகளிலும் போய்விடும். கடவுச்சொல்லைத் திருடியவன் பெட்டியைக் காலி செய்தாலும் அப்படியே. கண்ணாடியில் தெரியும் உருவத்தை இன்னோர் ஆள் என்று கணக்கெடுக்க முடியுமா?

பழைய கணினியிலிருந்து புதியதற்கு

கடிதங்களை இடம் மாற்றுவதற்கு வருவோம். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும். யூடோரா, தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் ஒரு கோப்புறையிலுள்ள எல்லாக் கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே எழுத்துக் கோப்பில் வைக்கும். இதற்கு ‘எம்பாக்ஸ்’ என்று பெயர். சாதாரண எழுத்துக் கோப்பு ஆகையால், செயலியே வழக்கொழிந்தாலும் திறந்து படிக்கலாம். இணைப்பாக வந்த படங்கள் மட்டும் எழுத்துகளாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகும். ஆகவே மூன்று மெகாபைட் படம் நான்கு மெகாபைட் இடம் பிடிக்கும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ‘டிபிஎக்ஸ்’ என்ற தனி வடிவத்திலும், அவுட்லுக் ‘பிஎஸ்டி’ என்ற பெருங்கோப்பிலும் வைத்தன. பழைய வகைப் பிஎஸ்டி கோப்பு இரண்டு கிகாபைட்டைத் தொட்டால் திறக்க மறுத்துவிடும். எனவே உங்களிடம் அப்படி ஒன்று வளர்ந்து நின்றால் அதற்கு மேலும் தீனி போடாதீர்கள்.

எளிய வழி, வழங்கியையே தோணியாகப் பயன்படுத்துவது. பழைய கணினியிலுள்ள செயலியில் அறக்கட்டளையின் ஐமேப் பெட்டியைச் சேர்த்து, உள்ளூர்க் கோப்புறையிலிருந்து கடிதங்களை அந்தப் பெட்டியின் கோப்புறைக்கு இழுத்துவிட்டால் போதும். அவை வழங்கிக்கு ஏறிப் புதிய கணினியில் தாமாக இறங்கும். ஒரே தடவையில் பத்தாயிரம் கடிதத்தை இழுக்காமல், ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றி, இரு பக்கமும் எண்ணிக்கை பார்த்துக்கொள்வது விவேகம். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்கு மொத்தமாக மாற்றுவதென்றால் ‘ஐமேப்சிங்க்’ போன்ற கருவிகள் உண்டு. அவை கடிதங்களின் தலைப்பிலுள்ள தனி அடையாள வரியை ஒப்பிட்டு, ஏற்கெனவே சேர்ந்ததை மறுபடி சேர்க்காமல் விடும். பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டலாம்.

கணினி மிகப் பழையதாய் இருந்தால் தோணி ஓடாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸால் இன்றைய வழங்கிகளின் பாதுகாப்பு முறையில் பேச முடியாது. கவலை வேண்டாம். அந்தச் செயலியிலேயே கடிதங்களைத் தேர்ந்தெடுத்து மேசைத்திரையில் உள்ள ஒரு கோப்புறைக்கு இழுத்துப் போட்டால், ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். பென் டிரைவில் எடுத்துவந்து புதிய கணினியின் தண்டர்பேர்டுக்குள் இழுத்துவிடலாம். பின்னர் தேதிவாரியாக அடுக்கும்போது ‘வந்து சேர்ந்த தேதி’யை நம்பாமல் ‘எழுதிய தேதி’யைப் பாருங்கள், சில செயலிகள் மாற்றிய நாளையே வந்த நாளாகக் காட்டும். முகவரிப் புத்தகம் கடிதங்களோடு வராது. அதைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

செய்யக்கூடாதவை இரண்டு. முதலாவது, பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் புதிய முகவரிக்கு ‘முன்னனுப்புவது’. அப்படிச் செய்தால் எழுதியவர் பெயர் போய் அனுப்பியவர் பெயர் ஏறும், தேதி இன்றையதாகும், எந்த வழியாக வந்தது என்று சொல்லும் தலைப்பு வரிகள் உதிர்ந்துவிடும். இது வெறும் அழகுக் குறை அன்று. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவு, வழக்கமான பயன்பாட்டிலிருந்த கணினி தந்த ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க வழிசெய்கிறது. அப்படி ஒரு நாள் வந்தால், மூலத் தேதியும் முழுத் தலைப்பு வரிகளும் சிதையாத கடிதத்துக்கு உள்ள கனம், மூன்று கை மாறி முன்னனுப்பப்பட்ட படிக்கு இராது.

இரண்டாவது, பிஎஸ்டி போன்ற பெருங்கோப்பை இணையச் சேமிப்பகத்தின் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறப்பது. கோப்புகளை ஒத்திசைக்கும் அந்தச் சேவைக்கு உள்ளே கடிதங்கள் இருப்பது தெரியாது. அதன் கண்ணுக்கு அது ஒரே ஒரு மூட்டை. செயலாளர் பத்துக் கடிதம் சேர்த்த மூட்டையை, கடைசியாகச் சேமித்த பொருளாளரின் மூட்டை மூடி மறைத்துவிடும். அல்லது இரண்டு மூட்டைகள் உண்டாகி எது சரி என்று தெரியாமல் நிற்கும். திறந்திருக்கும்போதே நகலெடுத்தால் கோப்பே சிதையவும் கூடும். கடிதம் கடிதமாக ஒத்திசைக்க ஐமேப். கோப்பு கோப்பாக நகலெடுக்க, செயலியை மூடியபின் பென் டிரைவ். இரண்டையும் கலக்கக் கூடாது.

தமிழ்க் கடிதங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம்

இவ்வளவும் சரியாகச் செய்து 1990களின் கடிதங்களைப் புதிய கணினிக்குக் கொண்டுவந்து திறந்தால், ஆங்கிலக் கடிதங்கள் அப்படியே இருக்கும். தமிழ்க் கடிதங்கள் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாய்க் காட்சி தரும். கடிதம் கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்கள் பலர். பாவம், அது கெடவில்லை. படிக்கும் கண்ணாடிதான் மாறிவிட்டது.

இதன் கதையில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். அக்காலத்தில் 0 முதல் 255 வரை எண்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்கு. மீதிப் பாதியில் தமிழை எப்படி அடுக்குவது என்பதில் ஆளுக்கொரு முறை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’, சுவிட்சர்லாந்திலிருந்து டாக்டர் கு. கல்யாணசுந்தரம் வழங்கிய ‘மயிலை’ எழுத்துரு, நம் நாட்டு முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ என்று பலவும் புழங்கின. மலேசியாவிலிருந்து சிட்னிக்குக் குடியேறிய பாலா பிள்ளை நடத்திய ‘தமிழ்.நெட்’ மின்னஞ்சல் குழுவில் உலகத் தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். இந்தத் தொல்லை தீர, அவர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிய இலக்கியங்களைத் தொகுத்தது. தன் நூல்களைப் பிறகு திஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் மாற்றிக்கொண்டது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று வேறிரண்டை அறிவித்தது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் இந்தக் குறியீட்டுச் சிக்கல் தீர்ந்திருக்கவில்லை.

இன்று எல்லாக் கருவிகளிலும் புழங்குவது ஒருங்குறி என்னும் யுனிகோட். அதில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை வந்தபின்பே சாதாரணக் கணினியில் அது கைகூடியது. பழைய முறைக்கும் இதற்கும் வேறுபாடு எண்ணில் மட்டுமல்ல. ‘கொ’ என்று எழுதினால் திஸ்கி கண்ணால் பார்க்கும் வரிசைப்படி கொம்பு, க, கால் என்று மூன்றாக வைக்கும். ஒருங்குறி முதலில் க-வை வைத்து, பின்னர் ஒகரக் குறியைச் சேர்க்கும். ஆகையால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். இதற்கென்று எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த முறையில் எழுதியது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ‘வணக்கம்’ என்று வந்தால் அதுவே சரி.

மாற்றும்போது மூலத்தைத் தொடாதீர்கள். மூலக் கடிதம் அப்படியே இருக்கட்டும். மாற்றிய படியைப் பக்கத்தில் வையுங்கள். ஏனெனில் சில மாற்றிகள் ஓரிரு எழுத்துகளை விழுங்கிவிடும். நிலத்தின் எண்ணோ நன்கொடைத் தொகையோ தமிழ்ச் சொல்லில் எழுதப்பட்டிருந்தால் விபரீதம். மீட்கவே முடியாத ஒரு வகையும் உண்டு. பழைய அஞ்சல் வழங்கிகள் சில ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தும். எட்டாவது பிட் வழியில் உதிர்ந்துபோன தமிழ்க் கடிதம், புள்ளி கோடு இல்லாத வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் வந்து சேர்ந்திருக்கும். அதை அனுப்பியவரின் கணினியில் மூலப் படி இருந்தாலொழிய வழியில்லை.

பெட்டி யார் பெயரில்?

வழங்கியில் இருக்கிறதே, இனி என்ன பயம் என்று இருந்துவிடவும் முடியாது. ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் மலேசியர்களின் பெயர் அட்டைகளில் எல்லாம் இருந்த முகவரி அது. யாகூ நிறுவனம் தன் குழுமங்களின் பழங்கடிதங்களை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்து, 2020 டிசம்பர் 15-ஆம் நாள் அந்தச் சேவையையே மூடியது. சுங்கைப் பட்டாணியில் வாழ்ந்த டாக்டர் எஸ். ஜெயபாரதி நடத்திய ‘அகத்தியர்’ குழுமம் அங்கேதான் இருந்தது. சைவம், சித்தர்கள், கோயில்கள், வரலாறு என்று அங்கு எழுதப்பட்டவற்றை நம் ஆண்டு மலர் வாசகர்களில் சிலர் படித்திருக்கக்கூடும். அவர் தம் கட்டுரைகளைத் தம் இணையதளத்திலும் தனியே இட்டு வைத்திருந்தார். மற்றவர்கள் எழுதிய பதில்களும் கேள்விகளும்? குழுமக் கடிதங்களைப் பாப் முறையில் தம் கணினிக்கு இறக்கி வைத்திருந்த அன்பர்களிடம் அவை இன்றும் இருக்கலாம். பழைய முறையென்று நாம் தள்ளிவைத்த பாப்புக்கு இப்படி ஒரு புண்ணியம்.

தனிநபர் கூகுள் கணக்கு இரண்டாண்டு பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை நீக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் அந்நிறுவனத்தின் விதி. முன்னாள் செயலாளர் அறக்கட்டளை வேலைக்கென்றே திறந்த ஒரு ஜிமெயில் பெட்டி, அவர் விலகியபின் யாரும் தொடாமல் கிடந்தால், சட்டப்படியே மறைந்துபோகும்.

எனவே பெட்டி ஆளின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளர், பொருளாளர், கல்வி நிதி என்று மூன்று பெட்டிகள் நம்மைப் போன்ற அறக்கட்டளைக்குப் போதும். சொந்தக் களப்பெயர் வாங்க ஆண்டுக்குச் செலவாகுமே என்று தயங்குபவர்கள் உண்டு. ஒரு நாள் அன்னதானச் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. வழங்கி நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது என்ற ஆதாயம் பெரிது.

எல்லாக் கருவிகளிலும் ஐமேப். அதற்கு வெளியே, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த வாரத்தில் பெட்டி முழுவதையும் எம்பாக்ஸ் வடிவில் இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை அலுவலக இரும்பு அலமாரியிலும் மற்றதை வேறோர் அறங்காவலர் வீட்டிலும் வைக்கலாம். டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஜொகூர்க்காரர்களுக்கு, இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜிமெயிலாக இருந்தால் கூகுளின் ‘டேக்அவுட்’ சேவை எம்பாக்ஸாகவே தரும். அங்கே கோப்புறைகள் உண்மையில் ஒட்டுச்சீட்டுகள். ஒரே கடிதத்தில் இரண்டு சீட்டு ஒட்டியிருந்தால் ஐமேப் வழியாக நகலெடுக்கும்போது அது இரண்டு தடவை வரும். எண்ணிக்கை கூடினால் திகைக்க வேண்டாம். மாணவர்களின் அடையாள அட்டைப் படிகள் இருப்பதால் வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுவதும், அந்தக் கடவுச்சொல்லை மூடிய உறையில் தலைவரிடம் கொடுப்பதும் அவசியம்.

ஒப்படைப்பு நாளன்று மறக்கப்படுவது, இரட்டைச் சரிபார்ப்புக்கான கைப்பேசி எண். கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர், குறியீட்டுச் செய்தி தம் கைப்பேசிக்கே போகும்படி விட்டுவிட்டால், புதியவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். முதலில் எண்ணையும் மீட்பு முகவரியையும் மாற்றி, பிறகு கடவுச்சொல்லை மாற்றி, அதன்பின் பழைய கருவிகளின் இணைப்பை வழங்கியிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு முன்னதாகப் புதிய செயலாளர் தம் கணினியில் சென்ற கும்பாபிஷேகக் காலத்துக் கடிதம் ஒன்றையும், அனுப்பிய கடிதம் ஒன்றையும், படம் இணைத்த கடிதம் ஒன்றையும், தமிழில் எழுதிய பழைய கடிதம் ஒன்றையும் முந்தையவர் முன்னிலையில் திறந்து பார்க்கட்டும். நான்கும் திறந்தால் ஒப்படைப்புப் பட்டியலில் ‘மின்னஞ்சல்’ என்ற வரிக்கு நேரே இருவரும் கையொப்பமிடலாம். திறக்காவிட்டால் பழைய கணினி அன்று வீட்டுக்குப் போகக்கூடாது.